துணிக்குப் பின்னால் பொங்கல் பானைகள்

திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் ஆறு புகுந்து கடைச் சாமான்களெல்லாம் மிதந்ததே, அதற்கு முந்தின வருஷம் ஆடி மாதம். அப்படிச் சொன்னால்தான் எனக்கே கணக்கு நிற்கும். கொரோனா என்று சொல்லி இரண்டு வருஷம் எந்தக் கோயிலிலும் மேளம் அடிக்காமல் கிடந்து, ஊருக்கு ஊர் மறுபடி கொடைத் திருவிழா நடத்தினது அந்த ஆடியில்தான். அந்த இரண்டு வருஷமும் எங்கள் துப்பாக்கிகள் பத்தமடையில் என் கட்டிலுக்கு அடியில் எண்ணெய்த் துணி சுற்றிக் கிடந்தன. மேலே நான் படுத்திருந்தேன், கீழே அவை படுத்திருந்தன. இரண்டு பேருக்கும் வேலை இல்லை.

திருவிழாவில் கடை போட வந்திருக்கிற தம்பிகள் நீங்கள் கேட்டீர்கள், போலீஸ்காரர் வந்து கடையை நகர்த்து என்றால் என்ன சொல்லணும் என்று. அதற்கு நேர்ப்பதில் எனக்குத் தெரியாது. நான் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவன் இல்லை. எங்கள் கடை போர்டில் எழுதியிருந்ததைக்கூட எழுத்தின் வடிவத்தைப் பார்த்துத்தான் தலைகீழா நேரா என்று கண்டுபிடிப்பேன். நடந்ததைச் சொல்கிறேன். பதிலை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

பலூன் சுடுகிற கடை எங்களுடையது. நானும் பிச்சையாவும் கூட்டு. பிச்சையா வீரவநல்லூர்க்காரன், என்னைவிட வயதில் இளையவன், வாயில் மூத்தவன். பலூன் ஊதிக் கட்டுவதும் குண்டு எடுத்துக் கொடுப்பதும் என் வேலை. துப்பாக்கியும் பேச்சும் அவன் வேலை. பாபநாசத்தில் ஆடி அமாவாசைக்குக் கடை போட்டால், குளித்துவிட்டு ஈர வேட்டியோடு போகிற ஆளைக்கூடப் பேசிப் பேசியே நிறுத்திவிடுவான். அங்கே குரங்குத் தொல்லை உண்டு. பலூனைப் பழம் என்று நினைத்து ஒரு குரங்கு கடித்து, அது வெடித்த வெடியில் அந்தக் குரங்கு மரத்தில் ஏறினது, சாயங்காலம் வரைக்கும் இறங்கவில்லை. "நம்ம கடையில சுடாமலே வெடிச்ச மொதப் பலூன் வே பாய்" என்று பிச்சையா அதை வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

பேச்சு எங்கேயோ போகிறது. முதுகைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

திருவிழாவுக்கு இடம் பிடிக்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் கூட்டத்தைப் பார்ப்பார்கள். ராட்டினக்காரர் தரை மட்டத்தைப் பார்ப்பார். வளையல்காரி, பொம்பிளைகள் கும்பிட்டுத் திரும்புகிற முக்கைப் பார்ப்பாள். அல்வாக் கடைக்காரருக்கு ஈ வராத இடம் வேண்டும், அப்படி ஒரு இடத்தை அல்லா இன்னும் படைக்கவில்லை. பலூன் கடைக்காரன் மட்டும் கூட்டத்தைப் பார்க்காமல் திரும்பி நின்று, கடைக்கு முதுகில் என்ன இருக்கிறது என்று பார்க்கணும். சுடுகிறவர்களில் பாதிப் பேர் பலூனைத் தவறவிடுவார்கள். தவறின குண்டு எங்கேயாவது போய்த்தானே ஆகணும். அது போகிற இடத்தில் ஆள் இருக்கக் கூடாது. மற்ற எல்லாம் அப்புறம்.

இதெல்லாம் நடந்த ஊரில் எங்களுக்கு வாய்த்த முதுகு மாதிரி வேறெங்கும் வாய்க்கவில்லை. கல்லிடைக்குறிச்சியிலிருந்து பாபநாசம் போகிற வழியில் உள்ளே ஒதுங்கின ஊர், பெயர் வேண்டாம். கோயில் திடலுக்கு ஓரமாகக் கால்வாய் ஓடுகிறது. கால்வாய்க் கரை ஆள் உயரத்துக்கும் மேலே, நல்ல ஈர மண். அந்தக் கரைக்கு முதுகு கொடுத்துக் கடை போட்டால் எந்தக் குண்டும் மண்ணுக்குள் போய்ச் சேரும். கொடைக்குப் பந்தல் கால்நாட்டுகிற அன்றைக்கு நாங்கள் போய், கரையடியில் ஒரு முளைக்குச்சி அடித்துச் சிவப்புத் துணி கட்டிவிட்டு வருவோம். கமிட்டியில் கையெழுத்து, ரசீது எல்லாம் பெயருக்குத்தான். முளை அடித்தாகிவிட்டால் அது பலூன்காரன் இடம். ஒருத்தரும் பிடுங்க மாட்டார்கள். எத்தனையோ வருஷமாக அப்படி.

துப்பாக்கிகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்லணும். பழைய ஏர்கன் ஒவ்வொன்றுக்கும் ஒரு இழுப்பு உண்டு. ஒன்று இடது பக்கம் இழுக்கும், ஒன்று தாழ்ந்து போகும். அடிக்கடி வருகிற ஆட்களுக்கு அது தெரியும், அவர்களே இழுப்புக்குத் தக்கபடி பிடித்துக்கொள்வார்கள். களக்காட்டிலிருந்து ஒரு விவசாயி வருவார், காட்டுப்பன்றி விரட்ட லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தவர். எங்கள் கடையில் ஒரு பலூனை அடித்ததில்லை. "எலெக்‌ஷன் வந்தா என் துப்பாக்கியக் கொண்டு போயி ஸ்டேஷன்ல வைக்கச் சொல்லுதான். அது எப்படியோ பன்னிக்குத் தெரிஞ்சிருது வே, அன்னைக்கே குடும்பத்தோட வந்திருது" என்பார். நேராகச் சுடுகிற துப்பாக்கி எங்களிடம் ஒன்றே ஒன்று. அதைத் தனியாகத் துணி சுற்றி வைத்திருப்போம். பெரிய மனுஷர்கள் வந்தால் அதைக் கொடுப்பது வழக்கம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. நடுப் பலூனுக்குப் பின்னால் ஒரு ஊசி. அதிலிருந்து ஒரு நூல், மேசைக்கு அடியில் பிச்சையாவின் காலுக்கு வரும். சின்னப் பிள்ளைகள் சுட்டுச் சுட்டு ஒன்றும் வெடிக்காமல் உதட்டைப் பிதுக்கும்போது, அது விசையை இழுக்கிற நேரம் பார்த்துக் கால் விரலால் நூலை இழுப்பான். பலூன் வெடிக்கும். பிள்ளை சிரிக்கும். இந்தத் தொழிலில் நான் பார்த்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

அந்த நல்ல காரியம்தான் வினையாகப் போனது.

கொடைக்கு முந்தின நாள் சாயங்காலம். பந்தோபஸ்துக்கு வந்த எஸ்.ஐ. புதியவர், இளவயது, வெளியூர். கூடவே வந்த ஏட்டையாவை எங்களுக்கு நெடுநாளாகத் தெரியும். திருவிழாவில் முதல் சூடு போலீஸ்காரருக்கு என்பது எங்கள் மரியாதை. ஏட்டையாவே கூட்டிக்கொண்டு வந்தார்.

"ஐயா துப்பாக்கி சுடுததுல மெடல் வாங்குனவுக. நல்லதாப் பாத்துக் குடுங்க வே."

பிச்சையா துணி சுற்றின துப்பாக்கியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினான். எஸ்.ஐ. அதைப் பார்த்தார், பிச்சையாவைப் பார்த்தார். போலீஸ்காரர் இல்லையா, தனியாக எடுத்து நீட்டினால் அதில்தான் ஏதோ கள்ளம் இருக்கிறது என்று தோன்றும்.

"இதை மட்டும் எதுக்கு ஒளிச்சு வச்சிருக்கே? இது வேண்டாம். அதை எடு."

அவர் காட்டினது இருக்கிறதிலேயே மோசமான இழுப்புள்ளது. பிச்சையாவுக்கு வாய் சும்மா இருக்காது. எல்லா வாடிக்கைக்காரருக்கும் சொல்கிற மாதிரியே சொல்லிவிட்டான்.

"சார், அது கொஞ்சம் இடது பக்கம் போகும். ஒரு விரக்கடை வலது பக்கமாப் பிடிங்க."

"எனக்கே சொல்லித் தர்றியா?"

சுற்றிலும் ஊர் இளவட்டங்கள். முதல் குண்டு கரையில். இரண்டாவதும் கரையில். அடுத்ததும் அப்படியே.

"ஏலே, ஐயா கரையச் சுடுதாருலே!"

"கரை உடைஞ்சிராமப் பாத்துக்கோங்க, வயலெல்லாம் முங்கிரும்!"

எஸ்.ஐ.யின் காது சிவந்துபோனது. மறுபடி குறிபார்த்தார். நான் குண்டு டப்பாவைப் பிடித்தபடி நின்றேன். திடீரென்று 'டப்' என்று நடுப் பலூன் வெடித்தது. அவர் விரல் இன்னும் விசையில் அசையவே இல்லை. அந்தச் சத்தத்தில் அவரே திடுக்கிட்டு விசையை இழுக்க, அந்தக் குண்டும் கரைக்குப் போனது. அப்புறம் பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஐயா பாத்த பார்வைக்கே வெடிச்சிட்டுலே!"

திடல் முழுக்கச் சிரிப்பு. எஸ்.ஐ.யும் பல் தெரியச் சிரித்தார். துப்பாக்கியைப் பைய மேசையில் வைத்தார், போனார். அவர் அப்படிப் பைய வைத்ததுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஏட்டையா மட்டும் திரும்பி வந்து பிச்சையாவைப் பிடித்துக்கொண்டார்.

"என்னத்துக்கு வே அந்த நூலை இழுத்தீரு?"

"பாவமா இருந்துச்சு ஏட்டையா."

"பாவமா? எஸ்.ஐ.யப் பாத்தா?"

"சின்னப் பிள்ள மாதிரி மூஞ்சி சுண்டிப் போச்சு. காலு தானாப் போயிட்டு."

ஏட்டையா தலையில் அடித்துக்கொண்டு போனார். பலூன் கடைக்காரனைத் தவிர வேறு எவனும் செய்ய முடியாத தப்பு அது.

மறுநாள் காலையில் கமிட்டித் தலைவர் வந்தார். அம்பாசமுத்திரத்தில் இரும்புக் கடை வைத்திருந்தவர், ஊருக்கே அண்ணாச்சி. கெட்ட மனுஷர் இல்லை. எங்கள் முளையை வருஷா வருஷம் காப்பாற்றிக் கொடுத்தவரும் அவர்தான்.

"பாய், ஒரு சின்ன விஷயம். கரையடிய போலீஸ் வண்டி நிக்கக் கேக்காவ. பொதுமக்கள் பாதுகாப்புன்னு சொல்லுதாவ. நீங்க ராட்டினத்துக்கு அந்தப் பக்கம் போட்டுக்கிடுங்க. நல்ல கூட்டம் வரும்."

ராட்டினத்துக்கு அந்தப் பக்கம் என்றால் ஒரு துணி மறைப்பு. கோயில் அலங்காரத்துக்கு வாங்கின மஞ்சள் துணி. பிச்சையா போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"அண்ணாச்சி, பின்னால என்ன இருக்குன்னு பாத்தேளா?"

"துணி கட்டிருக்குல்லா."

"துணிக்குப் பின்னால?"

"நம்ம வீட்டுப் பொம்பளைய பொங்கல் வைக்காவ."

"அதத்தான் கேக்கேன்."

"அப்போ பலகை அடிச்சுக்கிடும் வே."

"பலகையில பட்டுத் தெறிச்சா சுடுதவன் மூஞ்சிக்கு வரும். பலகைக்கு மேல போனா யாரு பிடிப்பா, நீங்க பிடிப்பேளா? பொங்கல் வைக்கறதக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லுங்க, நான் இப்பமே கடையத் தூக்கிட்டு அங்க போறேன்."

அண்ணாச்சி பதறிப்போனார். அந்த ஊரில் வரி கொடுக்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் பொங்கல் அடுப்புக்கு என்று ஒரு இடம் உண்டு. முப்பாட்டன் காலத்து வரிசை. ஒரு அடுப்பை ஒரு சாண் தள்ளினாலும் வெட்டுக்குத்து வரைக்கும் போகும். "அடுப்ப மாத்த முடியாது வே" என்றார். எங்கள் இடத்தை மாற்றலாம். அதற்குச் சண்டை போட அந்த ஊரில் எங்களுக்கு ஆள் இல்லை.

எஸ்.ஐ.யிடமே பேசிப் பார்க்கலாம் என்று நான்தான் சொன்னேன். அவர் டீக்கடையில் நின்றார்.

"கடைக்கு லைசென்ஸ் இருக்கா?"

"பலூன் சுடுத துப்பாக்கி சார். இதுக்கு யாரும் கேட்டதில்லை" என்றேன்.

"துப்பாக்கின்னா துப்பாக்கிதான். நான் சொன்ன இடத்தில் போடு. கடையே கிடையாதுன்னு வாபஸ் வாங்கிட்டு ஓடவும் கூடாது, கமிட்டியில் பணம் கட்டி இடம் வாங்கியிருக்கேல்ல. பிரச்சினை பண்ணினா ஒன்பது மணிக்கு எல்லாக் கடையும் அடைப்பு, மைக் கிடையாது, கூத்து கிடையாது."

பிச்சையா கையைக் கட்டிக்கொண்டு முன்னால் போனான். அவன் கையைக் கட்டி நான் பார்த்ததே இல்லை.

"சார், நேத்து நடந்தது என் தப்பு. அதுக்கு என்னை என்ன வேணும்னாலும் செய்யுங்க. எடத்த மட்டும் மாத்தாதீங்க. பின்னால பொம்பளைய இருக்காவ."

எஸ்.ஐ. டம்ளரை வைத்தார். "நேத்து என்ன நடந்துச்சு?"

பிச்சையா குனிந்து தன் காலைப் பார்த்தான்.

"நேத்து ஒண்ணும் நடக்கலையே. எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. பொதுமக்கள் பாதுகாப்புக்குச் சொல்றேன், அவ்வளவுதான்."

தம்பிகளா, இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். நடக்கவே இல்லை என்று ஒருத்தர் சொல்லிவிட்ட காரியத்துக்கு நீங்கள் மன்னிப்புக் கேட்க முடியாது. மன்னிப்புக் கேட்டால் தீருகிற வழி ஒன்று இருந்தது, அதை நாங்களே போய் அடைத்துக்கொண்டோம். அவருக்கு ஒரு மாலையைப் போட்டு, ஊர் முன்னால் நேர்த்துப்பாக்கியைக் கொடுத்து நாலு பலூன் வெடிக்க வைத்திருந்தால் என்று அப்புறம் எத்தனையோ தடவை யோசித்தேன். அந்த நேரத்தில் தோன்றவில்லை.

மத்தியானத்துக்குள் செய்தி எல்லாக் கடைக்கும் போய்விட்டது. ராட்டினக்காரர் வந்தார். எங்களோடு ஊர் ஊராகச் சாமான் வண்டியில் படுத்து வந்தவர்.

"உங்க ஒரு கடைக்காக எங்க எல்லார் வயித்துலயும் அடிக்கேளோ?"

பிச்சையா கேட்டான்: "உம்ம ராட்டினத்துல ஒரு ஆணி கழண்டிருக்குன்னு வையும். கழண்டாலும் பரவாயில்ல, சுத்துன்னு போலீஸ் சொன்னா சுத்துவீரா?"

அவர் தன் ராட்டினத்தைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "சுத்துவேன் வே. ரெண்டு வருசமா என் பிள்ளைய கஞ்சியத்தான் குடிக்குதுவ. நான் சுத்துவேன்."

நானும் பிச்சையாவிடம், நாலு சாக்கை நனைத்துக் கட்டலாமே என்று சொல்லிப் பார்த்தேன். "சாக்குக்கு மேல வானம் இருக்கு பாய்" என்றான். வளையல்காரி செல்லம்மாதான் போகிற போக்கில் ஒரு வார்த்தை போட்டாள்.

"பிச்சையாண்ணே, எடத்துலதான கடை போடச் சொன்னாவ, குண்டு போடச் சொல்லலியே. சும்மா காத்த மட்டும் ஊதும்."

அவள் கேலிக்குச் சொன்னாள். பிச்சையா அதைப் பிடித்துக்கொண்டான். அன்று சாயங்காலம் சொன்ன இடத்திலேயே கடை போட்டோம். மஞ்சள் துணிக்கு முன்னால் பலூன் தட்டி. குண்டு டப்பாவை என் மடியில் கட்டிக்கொண்டேன், வெளியே எடுக்கவில்லை. பலூன் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஊசி வைத்து நூல் இழுத்தான் பிச்சையா. பெரியவர்கள் பக்கம் திரும்பவே இல்லை, பிள்ளைகளை மட்டும் கூப்பிட்டான். காசு வாங்கவில்லை.

"வாங்க வாங்க! இந்தக் கடையில தோத்த ஆளு கிடையாது! பாத்தாப் போதும், வெடிக்கும்!"

வரிசை ராட்டினத்தைத் தாண்டிப் போனது. அத்தனை பிள்ளைகளும் ஜெயித்த ஒரே பலூன் கடை உலகத்தில் அதுவாகத்தான் இருக்கும். நானே சிரித்துக்கொண்டுதான் நின்றேன். ஆனால் பிள்ளைகள் வாயை யார் மூடுவது? முந்தின நாள் கதை ஊர் முழுக்கத் தெரியும். துப்பாக்கியைத் தோளில் வைத்ததும் ஒவ்வொன்றும் கத்தினது: "நான்தான் எஸ்.ஐ.! நான்தான் எஸ்.ஐ.!"

எஸ்.ஐ. வந்துவிட்டார். கூட அண்ணாச்சி, ஏட்டையா. பிள்ளைகள் விலகி நின்றார்கள்.

"யாரைக் கேலி பண்றே?"

"யாரையும் இல்ல சார். நீங்க சொன்ன எடத்துல கடை போட்டிருக்கேன். இந்த எடத்துல குண்டு போட முடியாது. அதான் நூலு."

"யார் சொன்னது முடியாதுன்னு? குண்டைப் போடு. என் முன்னாடி சுடு. ஒண்ணும் ஆகாது."

துணிக்கு அந்தப் பக்கம் அடுப்புப் புகை மேலே எழும்பிக்கொண்டிருந்தது. ஏதோ பானை பொங்கியிருக்கிறது, குலவைச் சத்தம் கேட்டது. துணிக்கு வெகு பக்கத்தில் ஒரு பிள்ளை அழுதது. பிச்சையா அசையவில்லை.

அண்ணாச்சி அவன் காதருகே குனிந்தார். எனக்குக் கேட்டது. "ஒரே ஒரு குண்டு வே. சும்மா தரையப் பாத்துப் போட்டுரும். அவுக மனசு ஆறிரும். பிரச்சினை முடிஞ்சிரும்."

பிச்சையா என் மடியிலிருந்து ஒரு குண்டை எடுத்தான். துப்பாக்கியை மடக்கி அதில் வைத்தான். துப்பாக்கியைத் திருப்பி, கட்டையை அண்ணாச்சி பக்கம் நீட்டினான்.

"நீங்க சுடுங்க அண்ணாச்சி. மதினி எந்த அடுப்புல இருக்காவன்னு உங்களுக்குத் தெரியும்லா. பாத்துத் தள்ளிச் சுடுவேள்."

அண்ணாச்சி துப்பாக்கியைத் தொடவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். பிச்சையா அவர் முன்னாலேயே அதை மறுபடி மடக்கி, குண்டைத் தட்டி எடுத்து என் கையில் திருப்பிக் கொடுத்தான். அந்தச் சின்ன ஈயத் துண்டு சூடாக இருந்த மாதிரி எனக்குத் தோன்றியது. சுடாத குண்டு எப்படிச் சூடாக இருக்கும்? என் கைதான் அப்படி வேர்த்திருக்கிறது.

"எல்லாத்தையும் வண்டியில ஏத்து" என்றார் எஸ்.ஐ. "இவனையும்."

பொது இடத்தில் துப்பாக்கியைக் காட்டி மிரட்டினான் என்று கேஸ். யாரை மிரட்டினான்? கமிட்டித் தலைவரை. மறுநாள் நான் அண்ணாச்சி வீட்டுக்குப் போய், வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள், உங்களை மிரட்டவில்லை என்று மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் வீட்டம்மா மோர் கொடுத்தார்கள். நேற்று அவர்கள் எந்த அடுப்பில் இருந்தார்கள் என்று கேட்க வாய் வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். அண்ணாச்சி உள்ளே இருந்து வெளியே வரவே இல்லை. ஏட்டையாதான் பாவம், ஏதோ பேசிப் பிச்சையாவை வீட்டுக்கு அனுப்பி வைத்தார். துப்பாக்கிகளை அவராலும் வாங்கித் தர முடியவில்லை. இன்று வா, அடுத்த வாரம் வா, ஐயா லீவு, துப்பாக்கி கோர்ட்டுக்குப் போயிருக்கிறது என்பார்கள். நேர்த்துப்பாக்கியைச் சுற்றியிருந்த அந்தத் துணி மட்டும் ஸ்டேஷன் ஜன்னலில் கிடந்தது, மேசை துடைக்க வைத்திருந்தார்கள்.

கொடை மட்டும் நன்றாக நடந்தது. மைக்கும் கூத்தும் ராட்டினமும் எல்லாம் நடந்தது. கரையடியில், எங்கள் முளை அடித்த இடத்தில், ஒரு போலீஸ் ஜீப் மட்டும் நிழலுக்கு நின்றது.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த எஸ்.ஐ. மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. ஊர் சிரித்துவிட்டது, அந்த வயதில் தாங்காது. மாற்றலாகிப் போய்விட்டார், மேலே ஏறியும் இருப்பார். ராட்டினக்காரர் மேலும் கோபம் இல்லை, அவர் உள்ளதைச் சொன்னார். எனக்குக் கசப்பு, அதற்கப்புறம் நடந்ததில்தான். அடுத்த கால்நாட்டுகளுக்குப் பிச்சையா முளைக்குச்சியோடு ஊர் ஊராகப் போனான். "கேஸ் உள்ள ஆளுல்லா நீரு, நமக்கு எதுக்கு வே வம்பு" என்று ஒவ்வொரு கமிட்டியும் சொல்லிவிட்டது. கடன் வாங்கியாவது புதுத் துப்பாக்கி எடுக்கலாம் என்று நினைத்திருந்தோம். முளை அடிக்க ஒரு இடம் கிடைக்காதபோது துப்பாக்கி எதற்கு? அவன் பக்கம் நின்று ஒரு வார்த்தை சொல்லக் கடைக்காரர்கள் ஒருத்தரும் வரவில்லை. யாருடைய வீட்டுப் பொம்பிளைகளுக்காக அவன் விசையை இழுக்காமல் நின்றானோ, அந்த ஊரே அவனைக் கேஸ்காரன் என்றது. இப்போது சேரன்மகாதேவி ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்கில் வண்டிகளுக்குக் காற்றடிக்கிறான். போன மாதம் பஸ்ஸிலிருந்து பார்த்துவிட்டு இறங்கிப் போனேன். "இப்பமும் காத்து வேலைதான் பாய். ஒரே ஒரு வித்தியாசம், இதுல வெடிச்சா என் சம்பளத்துல பிடிப்பான்" என்றான். சிரித்தான். எனக்குத்தான் சிரிக்க வரவில்லை.

அந்த இடத்தை, அதுதான் ராட்டினத்துக்கு அந்தப் பக்கத்து இடத்தை, மறு வருஷமே வெளியூர்க்காரன் ஒருத்தனுக்குக் கொடுத்துவிட்டார்கள். நல்ல புதுத் துப்பாக்கிகள், சீரியல் லைட்டு, பாட்டு. அவன் குண்டு போட்டே சுடவிடுகிறான். அதே மஞ்சள் துணி. வருஷா வருஷம் நடக்கிறது. ஒன்றும் ஆகவில்லை.

அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவராகத்தான் பேச்சை எடுத்தார்.

"பாத்தீரா பாய், ஒண்ணும் ஆவலல்லா. பிச்சையா அன்னைக்குச் சும்மா பிடிவாதம் பிடிச்சுக் கெட்டுப் போனான்."

பஸ் வந்தது, ஏறிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை என்பது சரி என்பதற்குச் சாட்சி இல்லை, தம்பிகளா. இன்றைக்குத் தவறின குண்டு யார் மேலும் படவில்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்து போகும்போது, ஏதாவது ஆகியிருந்தால் பிச்சையா சொன்னது சரி என்று ஊருக்குத் தெரிந்திருக்குமே என்று மனசு ஒரு கணம் நினைத்துவிட்டது. அல்லா மன்னிக்கணும். அடுப்படியில் உட்கார்ந்திருக்கிற பொம்பிளைகளுக்கு ஒன்று ஆகணும் என்று நினைக்கிற அளவுக்கு என்னைக் கொண்டுவந்து விட்டார்களே, அதைத்தான் நான் அவர்களுக்கு மன்னிக்க முடியவில்லை.

போன ஆடியில் முழங்கால் வலியோடு அந்த ஊருக்குப் போனேன், அந்தப் புதுக் கடைக்காரனிடம் சொல்லலாம் என்று. பையன் நல்லவன் மாதிரிதான் தெரிந்தான். தம்பி, இந்தத் துணிக்குப் பின்னால் என்று ஆரம்பித்தேன், முடிக்க விடவில்லை. "பெருசு, பழைய எடம் போச்சுன்னு வயித்தெரிச்சலா? போங்க போங்க, வியாபார நேரம்" என்றான். யாரோ முன்னாலேயே என்னைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அவன் துணி கட்டினதுக்கு அப்புறம் சாயங்காலம் வந்து கடை கட்டுகிறவன், பாட்டுச் சத்தத்தில் குலவைகூடக் கேட்காது. பின்னால் அடுப்பு வரிசை இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். வருகிற ஆடியில் உங்களில் யாராவது அந்தப் பக்கம் கடை போடப் போவீர்கள். நீங்கள் அவன் வயதுக்காரர்கள், நீங்கள் சொன்னால் பொறாமை என்று நினைக்க மாட்டான். இதை அவனிடம் சொல்லுங்கள். என் பெயரைச் சொல்ல வேண்டாம், பிச்சையா கதையும் வேண்டாம். கூட்டம் சேருவதற்கு முன்னால், பொங்கல் வைக்கிற நேரம் பார்த்து, அவன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அந்தத் துணியை ஒரு முனையில் தூக்கிக் காட்டுங்கள். அது போதும்.